ஆண்டாயி கூரைமேல் ஒரு தோசைக்கல்

உ
பெரம்பலூர்
7-6-1982

மாமாவுக்குச் செங்கமலம் எழுதிக்கொண்டது.

நான் இங்கே மாயவன் அண்ணன் வூட்டில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமாக இருக்கிற ஆம்பளை, அடுப்பில் வெந்துகொண்டிருக்கிற தோசையைக் கல்லோடு கரித்துணியால் பிடித்துத் தூக்கித் தெருவைத் தாண்டி எறிவாரா? ராத்திரி பெய்த மழையில் கூரை நனைந்து கிடந்ததால் எதிர்வூட்டு ஆண்டாயி குடிசை பிழைத்தது. கல் போய் விழுந்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியதே, பார்த்தீர்களா? தோசை மட்டும் தெருவிலேயே விழுந்துவிட்டது. அதைத் தின்ற நாய் இன்னும் நம் வாசலிலேயே காத்துக்கிடக்கும், அடுத்த தோசை எப்போது பறக்கும் என்று.

அப்படி நான் என்ன கேட்டுவிட்டேன்? மைன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு ராசாங்கம். மாத்திர பாதி வேலைதான் செய்யும். மீதிய நீங்க செய்யணும். தெனமும் காலைல ஒரு எடத்துல உக்காந்து, கண்ண மூடி, மூச்ச மட்டும் கவனிங்க" என்று அந்த அம்மா சொன்னாரா இல்லையா? நீங்கள் உட்காரவில்லை. கல்தான் போய் உட்கார்ந்துகொண்டது, அடுத்தவள் கூரையில்.

மலர்க்கொடியைச் செந்துறையில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வூட்டில் நாம் ரெண்டு பேர்தான். நான் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள். நான் பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கத்துகிறீர்கள். அதனால் நன்றாக யோசித்து ரெண்டு காரியம் சொல்கிறேன். தினமும் டாக்டரம்மா சொன்னபடி உட்காரணும். பிறகு அந்தத் தோசைக்கல்லை உங்கள் கையாலேயே இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, என் அடுப்பில் வைக்கணும். ரெண்டும் நடந்த அன்றைக்கு பஸ் ஏறுவேன். நடக்காவிட்டால் அண்ணி வூட்டு உப்பில்லாத உப்புமாவைத் தின்றுகொண்டே கிழவியாகிவிடுவேன்.

படிக்கும்போது கோபம் வந்தால் இந்தக் கடுதாசியை எறியுங்கள். கல்லைவிட லேசு.

செங்கமலம்


அரியலூர்
11-6-1982

செங்கமலத்துக்கு ராசாங்கம் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. வீட்டு விஷயத்தை டாக்டரிடம் சொன்னதே தப்பு. அதை எனக்கே திருப்பிச் சொன்னது அதைவிடத் தப்பு.

நான் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் வெடி வைக்கிறவன். கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணை மூடி உட்காருவது சாமியார் வேலை. என்னோடு வேலை பார்க்கிற அடுத்த வீட்டுப் பூமாலைக்குத் தெரிந்தால் மைன்ஸே சிரிக்கும்.

மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். சாம்பார் என்று ஒன்றை ஊற்றுகிறான். அதில் பருப்பு இருந்தால் அது தவறி விழுந்தது.

கல் விழும்போது விழட்டும். நீ உடனே வரவும்.

ராசாங்கம்


உ
பெரம்பலூர்
16-6-1982

மாமா,

உங்கள் இன்லண்ட் வந்தது. நான் மூணாங்கிளாஸ்தான், அதனால் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்று வாசலுக்கு எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் பிடித்தால், 'உடனே வரவும்' என்ற இடத்தில் பேனா குத்தி வரிசையாக ஓட்டை. அந்த ஓட்டை வழியே எதிர்வூட்டு எருமை தெரிகிறது.

அண்ணி குஞ்சம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் செங்கமலம், ஒன் வூட்டுக்காரரு கடுதாசி எழுதுறாரா, சல்லடை செய்றாரா?" என்றாள். "வெடி வைக்கிறவருல்ல அண்ணி, குழி போட்டுத்தான் பழக்கம்" என்றேன்.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னபோது நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தீர்கள். நான் கேட்டேன். நம் மூளைக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறானாம். ஆபத்து என்றால் கத்துவதற்கு. புலி வந்தால் கத்துவான், நல்லதுதான். உங்களுக்குள் இருக்கிறவன் ஓயாமல் முழித்து முழித்துக் கெட்டுப்போய்விட்டான். கரண்டி கீழே விழுந்தால் "புலி!" என்கிறான். பக்கத்து வூட்டுப் பிள்ளை தும்மினால் "புலி!" என்கிறான். அவன் கத்தக் கத்த, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ரத்தம் கொதிக்கிறது, கல் பறக்கிறது. தினமும் சும்மா உட்கார்ந்து மூச்சைப் பார்த்தால், புலி எது கரண்டி எது என்று அவனுக்கு மெல்லப் பிடிபடுமாம். ஒரு நாளில் இல்லை. ஆனால் பிடிபடுமாம். இது சாமியார் வேலை இல்லை மாமா, வூட்டுக் காவல்காரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை.

உங்களை மட்டும் சொல்வானேன் என்று நானும் நேற்று உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். மலர்க்கொடிக்குப் புளி அனுப்பவில்லையே என்று வந்தது. அண்ணி உப்பு டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று வந்தது. அப்புறம் தெரியவில்லை. குறட்டை கேட்டு நானே முழித்தேன். என் குறட்டை.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். உட்கார்ந்து எழுதுங்கள்.

செங்கமலம்


அரியலூர்
25-6-1982

செங்கமலத்துக்கு,

உன் தொல்லை தாங்காமல் உட்கார்ந்தேன். பூமாலை எழுந்திருப்பதற்கு முன்னால், வாசல் வேப்பமரத்துக்குக் கீழே, கோணியை விரித்து.

மூச்சைப் பார் என்கிறார்கள். பார்த்தால் அது ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. நான் பார்க்காத இத்தனை வருசமும் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. எறும்பு ஒன்று காலில் ஏறியது. ஒரே எறும்புதான். ஆனால் கண்ணை மூடியிருந்ததால் ஊர்வலம் மாதிரி இருந்தது. எழுந்து கோணியை உதறிவிட்டேன்.

மறுநாளும் அதே கதை. மருந்து எடுக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எனக்கு இது வரலீங்க. மனசு நிக்காம ஓடுது."

"ஓடுதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"அதான் இது. ஓடுதுன்னு தெரிஞ்ச உடனே திரும்ப மூச்சுக்கிட்ட கூட்டிக்கிட்டு வாங்க. மறுபடி ஓடும். மறுபடி கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா திட்டாம கூட்டிக்கிட்டு வரணும்."

திட்டாமல் ஒன்றைக் கூட்டிவருவது எப்படி என்று எனக்குத் தெரியாது. முயற்சி செய்கிறேன்.

ராசாங்கம்


உ
பெரம்பலூர்
30-6-1982

மாமா,

இந்தத் தடவை ஒரே ஒரு ஓட்டைதான். 'தொல்லை' என்று எழுதின இடத்தில். எருமையின் கொம்பு மட்டும் தெரிகிறது.

திட்டாமல் கூட்டிவரத் தெரியாதா? என்னையும் கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டித்தானே கூட்டிவருகிறீர்கள். சந்தைக்குப் போனால் நான் வளையல்கடையில் நிற்பேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கத்துவீர்கள். ஊரே திரும்பிப் பார்க்கும், என்னைத் தவிர. இனிமேல் மனசை என்னை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வளையல்கடையில் நிற்கிறது. போய்ப் பக்கத்தில் நின்று, "போலாமா?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். அது வரும். நானும் வந்திருப்பேன், கேட்டிருந்தால்.

எனக்கு இப்போது குறட்டை வருவதில்லை. உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சி சிந்துவதில்லை. அண்ணி உப்புப் போடாததைக்கூடச் சிரிக்காமல் சொல்ல முடிகிறது.

முதல் காரியம் ஆரம்பமாகிவிட்டது. ரெண்டாவது என்ன ஆயிற்று? ஏணி வைத்தால் ஆகிற வேலை.

செங்கமலம்


அரியலூர்
14-7-1982

செங்கமலத்துக்கு,

ஏணி வைத்தால் ஆகிற வேலையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்காமல் படி.

போன திங்கட்கிழமை காலையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. உடம்பை அசைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்காமல் முகத்தை மட்டும் ரயில்ரோடு பக்கம் திருப்பினேன். ஈ போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஆண்டாயி எதிரே நின்று, "ராசாங்கம், எங்கூட்டு ஆட்டக் காணம், எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்டது. ஆனால் நான் மூச்சோடு இருந்தேன். பதில் சொல்லவில்லை. அவள் ரயில்ரோடு பக்கம் போனாள். ஆடு அங்கே மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆடு தினமும் மேய்கிற இடமே அதுதான்.

மறுநாள் விடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு எலுமிச்சம்பழம். அதற்கு மறுநாள் ஆண்டாயி குளித்து முழுகி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சாமி, எங்கூரமேல நீங்க வீசுன கல்ல எறக்கட்டுங்களா?" என்று உத்தரவு கேட்டாள். என் காதோரம் ஒரு கொசு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

கல்லுக்கு இப்போது மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். அது விழுந்த பிறகுதான் ஆடு ரெட்டைக்குட்டி போட்டது என்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் ஏணியோடு போனேன். குறுக்கே படுத்துக்கொண்டாள்.

வேறு சிலரும் பழத்தோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்தை மாற்றி வீட்டுக்குள் போய்விட்டேன். வாசல்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கூடை சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?

ராசாங்கம்


உ
பெரம்பலூர்
18-7-1982

சாமிக்கு,

அடியாள் செங்கமலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

சிரிக்காமல் படி என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். அண்ணன் ஓடி வந்தார், அண்ணி ஓடி வந்தாள். எதிர்வூட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. எனக்கு வயிறு வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் படித்துவிட்டு, "என் மச்சானா? ராசாங்கமா? சாமியா?" என்று கேட்டுக் கேட்டே தோளில் கிடந்த துண்டை நனைத்துவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை. ஆண்டாயியிடம், "நாளைக்கு வந்து மறுபடி கேளு" என்று சொல்லிவிடுங்கள். அவள் வந்து, கல்லை இறக்கலாமா என்று கேட்பாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக நன்றாக ஒரு தலையாட்டு. முடிந்தது. சாமி உத்தரவு கொடுத்த பிறகு ஏணியை அவளே பிடித்துக்கொள்வாள். அன்றைக்கே நான் பஸ் ஏறிவிடுவேன்.

எலுமிச்சம்பழத்தை வீணாக்காதீர்கள். நாலாக நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வையுங்கள். மிளகாய்த்தூள் நான் வந்து போடுகிறேன்.

செங்கமலம்


அரியலூர்
26-7-1982

செங்கமலத்துக்கு,

உன் யோசனையை ரெண்டு நாள் யோசித்தேன். அது என்னால் ஆகாது.

பொய் சொல்லாதவன் இல்லை நான். போர்மேனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோணியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் அங்கே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். ஏமாற்ற வேறு ஆளில்லை. அந்த இடத்தைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். பாதிதான் தெரியும். குழிகளில் வெடிமருந்து கட்டித் திரி கொளுத்திவிட்டு, விலகி நின்று, வெடிக்கிற சத்தத்தை எண்ணணும். வைத்த குழியும் கேட்ட சத்தமும் சரியாக இருந்தால்தான், இனி ஆபத்து இல்லை என்று ரெண்டாவது சங்கு ஊதச் சொல்வேன். ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். ஒன்று குறைந்தால், வெடிக்காத குழி ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நான்தான் போய்ப் பார்க்கணும். என் எண்ணிக்கை தப்பினால் பூமாலை கடப்பாரையை அதன் தலையிலேயே போடுவான்.

வேலை முடிந்தாலும் எண்ணுவது நிற்கவில்லை, செங்கமலம். இது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்திருக்கும்போது மூச்சு ஒரு பக்கம் போகிறது, உள்ளே ஒருத்தன் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறான். பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று. குழாயடிக் குடம் ரெண்டு. காக்காய் மூன்று. எண்ணிக்கை எங்கேயாவது தப்பினால் கோணியைவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் நீ தோசைக்கரண்டியால் கல்லைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பிவிட்டது. அது கோபம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பயம்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எண்ணுறவனத் தொரத்தாதீங்க. வேல நேரத்துல அவன் வேணும். வூட்டுக்கு வந்தா ஒக்காரச் சொல்லுங்க" என்றார். இப்போது அவன் வந்தால், எண்ணுகிறான் என்று பார்க்கிறேன். நீ சொன்ன மாதிரி, போலாமா என்று கேட்கிறேன். சில நாள் வருகிறான். ராத்திரி நடுவில் முழிக்காமல் தூங்குகிறேன்.

கல் விஷயம் சிக்கலாகத்தான் இருக்கிறது. ஆண்டாயியிடம் தினமும் பொறுமையாகச் சொல்கிறேன், நான் சாமி இல்லை, அது ஈ, அது கொசு என்று. "முந்தில்லாம் நான் கோழிய வெரட்டுனாக்கூட சண்டைக்கி வருவியே. இப்ப எத்தன தடவ கேட்டாலும் கோவமே வரல. ராசாங்கத்துக்குக் கோவம் வரலன்னா உள்ள இருக்கறது ராசாங்கமா?" என்கிறாள். நான் பொறுமையாகச் சொல்லச் சொல்ல அவள் நம்பிக்கை கூடுகிறது.

ராசாங்கம்


உ
பெரம்பலூர்
2-8-1982

மாமா,

உங்கள் கடுதாசியை இந்தத் தடவை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

முதலில் ஆண்டாயி விவகாரத்தை முடிப்போம். கோபம் வராததுதான் அத்தாட்சி என்றால், கோபப்பட்டுக் காட்டுங்கள். ஒரே ஒரு தடவைக்கு நான் அனுமதி தருகிறேன். பழைய ராசாங்கமாகக் கண்ணை உருட்டி, கையை ஓங்காமல், தெரு கிழிய ஒரு கத்து. அவள் பயந்து போய், "இது சாமியில்ல, நம்ம எதிர்வூட்டு ஆளுதான்" என்று கல்லைக் கொடுத்துவிடுவாள்.

இனி என் சங்கதி. நீங்கள் எழுதினதால் நானும் எழுதுகிறேன்.

தினமும் மத்தியானம் மைன்ஸில் முதல் சங்கு ஊதும். அப்புறம் வெடிச்சத்தம், வூட்டுப் பாத்திரமெல்லாம் நடுங்கும். அப்புறம் ரெண்டாவது சங்கு. அது ஊதினால்தான் என் புருசன் மேலே ஏறி வந்துவிட்டார் என்று எனக்குக் கணக்கு. அந்த ரெண்டு சங்குக்கும் நடுவில் நான் என்ன செய்வேன் தெரியுமா? பேசுவேன். ஆண்டாயியை இழுத்து வைத்துக்கொண்டு பேசுவேன். அவள் இல்லாவிட்டால் கோழியோடு பேசுவேன். பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். காதுக்கு வேறு எதுவும் கேட்கக் கூடாது என்று. கல்யாணமாகி அரியலூருக்கு வந்த புதுசில் ஆரம்பித்தது. நான் வாயாடி என்று ஊரெல்லாம் சொல்கிறது. ரெண்டு சங்குக்கு நடுவில் பேச ஆரம்பித்தவள் மாமா, நிறுத்தத் தெரியாமல் போய்விட்டேன்.

பெரம்பலூரில் சங்கு ஏது? ஆனால் மத்தியானம் அந்த நேரம் வந்தால் என் குரல் தானாக ஏறுகிறது. "ஏண்டி, சோத்துக்கு ஒல வச்சா மட்டும் ஒனக்கு ஏன் தொண்ட பெருசாவுது?" என்று அண்ணிதான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் அதே நேரத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு தொண்டைவரைதான் போனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாக வயிறுவரை இறங்கிற்று. அன்றைக்கு அண்ணி உப்புமாகூட ருசித்தது. ரெண்டு தடவை வாங்கித் தின்றேன்.

ஆக, நம் ரெண்டு பேர் மூளையிலும் ஒரே மைன்ஸுக்குத்தான் காவல். உங்கள் ஆள் எண்ணுகிறான், என் ஆள் பேசுகிறான். நான் பேசினால் உங்களுக்கு எண்ணிக்கை தப்புகிறது. நீங்கள் கத்தினால் எனக்குப் பேச்சு கூடுகிறது. நல்ல ஜோடி போட்டார்கள் நமக்கு.

செங்கமலம்


அரியலூர்
10-8-1982

செங்கமலம்,

நீ கொடுத்த அனுமதியை நேற்றுப் பயன்படுத்தினேன்.

பூமாலையும் கூட வந்தான். அவனுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். மைன்ஸ் சிரிக்கவில்லை. அவனும் இப்போது என் பக்கத்தில் உட்காருகிறான். ஆண்டாயி வாசலில் போய் நின்றேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு வந்தாள். நான் கண்ணை உருட்டினேன். "மெஸ்ஸு சாம்பார நெனச்சுக்க மாப்ள!" என்று பின்னாலிருந்து பூமாலை தூண்டினான். நினைத்தேன். "அடியே ஆண்டாயி!" என்று ஆரம்பித்தேன். குரல் ஏறிற்று. தெருவில் நாலு கதவு திறந்தது. அந்த நேரம் கூரையைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமுமாக நம் தோசைக்கல், அதற்கு ஒரு செவ்வரளி மாலை. மாலையின் நடுவில் ஒரு காக்காய் உட்கார்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, மிச்சத்தையும் சொல்லு என்கிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தெருவில் உட்கார்ந்து சிரித்தேன். பூமாலை என்மேல் விழுந்து சிரித்தான். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை. மலர்க்கொடி பிறந்தபோது இருக்கலாம்.

"சாமி சிரிச்சிருச்சு!" என்று சொல்லி ஆண்டாயி ஒரு தேங்காயை உடைத்தாள். கல் போனது போனதுதான்.

நீ எழுதிய மற்றதற்குப் பதில்.

இத்தனை வருசம் நீ பேசுவதைச் சத்தம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்காகப் பேசினாய் என்று தெரியாது. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாததால்தான் உனக்குப் பயம். பள்ளத்துக்கு மேலே, மேற்குப் பக்கம், பாறைக்குப் பின்னால் இரும்புத் தகடு போட்ட ஒரு கூண்டு இருக்கிறது. முதல் சங்கு ஊதினதும் நான் அதற்குள் இருப்பேன். நீ வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுகிறேன். போர்மேனிடம் கேட்டுவிட்டேன்.

வரமுடியாது, கல் இன்னும் கூரையில்தானே இருக்கிறது என்பாய். நீ சொன்ன ரெண்டு காரியத்தில் ஒன்றுதான் என்னால் முடிந்தது. இன்னொன்றுக்கு ஆண்டாயி கூரையைப் பிரிக்கணும். அதைச் செய்யமாட்டேன். அதனால் முடிவு உன்னுடையது.

உப்புப் போட்ட எலுமிச்சம்பழம் நன்றாக ஊறியிருக்கிறது.

ராசாங்கம்


உ
பெரம்பலூர்
15-8-1982

மாமா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை. எருமை தெரியவே இல்லை. எருமைக்குக்கூட ஏமாற்றமாக இருந்திருக்கும்.

ரெண்டாவது காரியத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாமிக்குப் போன பொருளைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நேற்று அண்ணனோடு கடைவீதிக்குப் போய்ப் புதுசாக ஒரு தோசைக்கல் வாங்கிவிட்டேன். கடைக்காரர் லேசானதாக எடுத்துக் காட்டினார். "வேண்டாங்க, ஒத்தக் கையால தூக்க முடியாத கல்லாக் குடுங்க" என்றேன். ஏன் என்றார். "எங்கூட்டுல சாமி இருக்காருங்க" என்றேன். ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தார்.

புதுக் கல் பழகும்வரை ஒட்டும். எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, அடுப்பில் வைத்து, மறுபடி தடவி, மறுபடி வைக்கணும். முதலில் ஊற்றுகிற தோசை எல்லாம் பிய்ந்துதான் வரும். கல்லைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. நான் தோசை ஊற்றும்போது கரண்டியால் தட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மறந்து தட்டிவிட்டால், போலாமா என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். கல் என் மடியில் இருக்கும். அண்ணி கண் கலங்குகிறாள். அவள் உப்புமாவை வாய்விட்டுக் குறைசொல்ல இனி ஆளில்லை.

ஒரே ஒரு பயம். பஸ் வந்து நிற்கிற நேரமும் முதல் சங்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறேன். நான் வூட்டுக்குள் நுழையும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இருந்தாலும் வருகிறேன்.

செங்கமலம்


(ஆண்டாயி கையில் கொடுத்து வைத்தது)

20-8-1982

செங்கமலம்,

லீவு கேட்டேன், மாற்றாள் இல்லை என்றுவிட்டார்கள். நீ இதைப் படிக்கும்போது நான் பள்ளத்தில் இருப்பேன்.

சாவி ஆண்டாயியிடம் இருக்கிறது. உனக்கு ஆரத்தி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சிரிக்காமல் எடுத்துக்கொள். தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். மாவு பூமாலை வீட்டில் ஆட்டியது, மூடி வைத்திருக்கிறது. ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில், மிளகாய்த்தூள் போடாமல் உனக்காகக் காத்திருக்கிறது.

மறுபடி வாசலுக்கே வந்துவிட்ட என் கோணிக்குப் பக்கத்தில் இன்னொரு கோணி விரித்திருக்கிறேன். முதல் சங்கு ஊதினால் ஆண்டாயியைத் தேடாதே, கோழியையும் தேடாதே. போய் உட்கார். நான் இரும்புக் கூண்டுக்குள் இருப்பேன். எண்ணுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மூச்சை மட்டும் பார்.

ரெண்டாவது சங்கு ஊதினதும் அடுப்பைப் பற்றவை. பிய்ந்த தோசையெல்லாம் எனக்கு.

ராசாங்கம்